மலை மேல் ஒரு வீடு

மலை மேல் ஒரு சின்ன வீடு வாங்க வேண்டும் என்பது என் மனைவியின் பதினெட்டு வருஷத்து ஆசை. பெரிய பங்களா அல்ல. இரண்டு அறை, ஒரு சமையற்கட்டு, வாசலில் நாலு ரோஜாச் செடி, ஜன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வர வேண்டும், அவ்வளவுதான். திருச்சிராப்பள்ளியின் சித்திரை வெயிலுக்குக் கல்யாணமாகி வந்த பெண்ணுக்கு இப்படி ஓர் ஆசை உண்டானதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. கதை எழுதிப் பிழைக்கிறவனைப் புருஷனாக அடைந்தவள் இதற்கெல்லாம் ஆசைப்படலாமா என்று நீங்கள் கேட்கலாம். நானும் பல தடவை கேட்டிருக்கிறேன்.

"கதையிலே எத்தனை பேருக்கு ஊட்டியிலே பங்களா கட்டிக் கொடுத்திருக்கீங்க? எனக்கு ஒரு தகரக் கூரை போட்டுத் தரக் கூடாதா?" என்பது அவள் வழக்கமாகச் சொல்லும் பதில். அதற்கு மேல் எனக்குப் பேச்சு வராது.

சென்ற வருஷம் மாசி மாதத்தில் எங்கள் மூத்த பெண் டைபாய்டில் படுத்தாள். பதினேழு வயசு. இருபத்தொரு நாள் ஜுரம் அவளை விடவில்லை. அந்த இருபத்தொரு நாளும் நான் ஒரு வரிகூட எழுதவில்லை. என் மனைவி தூங்கினாளா என்பதே எனக்குத் தெரியாது. ஜுரம் இறங்கிப் பெண் எழுந்து உட்கார்ந்தபோது பழைய சட்டை அவள் தோளில் நிற்காமல் வழிந்தது. "வெயில் ஏறுவதற்குள் பத்து நாள் குளிர்ச்சியான இடத்தில் வைத்திருங்கள்" என்றார் டாக்டர். பதினெட்டு வருஷத்து ஆசைக்கு அன்று வைத்தியரின் சீட்டும் கிடைத்துவிட்டது.

விசாரித்ததில், கோத்தகிரிக்குப் பக்கத்தில் தேயிலைத் தோட்டத்தின் ஓரமாக ஒரு சிறு வீடு வாடகைக்கு இருப்பதாகத் தெரிந்தது. அதற்குச் சொந்தக்காரர் கீழே சமவெளியில் இருக்கிறார். நியாயமான விலை வந்தால் விற்றுவிடவும் தயார் என்று சொல்லி அனுப்பினார். என் மனைவி ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் காப்பி கொடுக்கும்போது அவள் கையில் வளையல் இல்லாததைக் கவனித்தேன். இரண்டு வளையலும் அடகுக் கடையில் இருந்தன. ரூபாய் நோட்டுகள் என் மேஜையில் இருந்தன. ஒரு நாவலுக்காகப் பதிப்பாளர் கொடுத்த முன்பணத்தை அதோடு சேர்த்து உள் பையில் வைத்துத் தைத்துக்கொண்டு, குடும்பத்தோடு மலையேறினேன். வீடு பிடித்திருந்தால் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வருவதாக ஏற்பாடு.

*

மேட்டுப்பாளையம் வரையில் காருக்குள் அடுப்பங்கரை மாதிரி இருந்தது. அங்கே மலையடிவாரத்தில் வண்டியை நிறுத்தி இ-பாஸ் கேட்டார்கள். சென்னை உயர்நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே மாதத்தில் வந்த ஏற்பாடு இது. மலை தாங்க முடியாத அளவுக்கு வண்டிகள் ஏறுகின்றன என்பதனால், எத்தனை வண்டி வருகிறது என்று கணக்குப் பார்க்கிறார்கள். "மலைக்குப் போகக்கூட அனுமதிச் சீட்டா?" என்று என் சின்ன மகன் அலுத்துக்கொண்டான். வாசல் என்று ஒன்று இருந்தால் கேட்டுவிட்டுத்தானே நுழைய வேண்டும் என்றேன். அப்போது விளையாட்டாகச் சொன்ன சொல்தான். இரண்டு நாளில் அதுவே என்னைச் சுற்றிக்கொண்டு வந்தது.

பாக்குத் தோப்புகள் பின்னால் போயின. ஒவ்வொரு வளைவுக்கும் வெயிலின் வாய் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டு வந்தது. பாதி வழியில் பெண் தன் அம்மாவின் தோளிலிருந்து தலையை எடுத்து, கண்ணாடியை இறக்கி, வெளியே முகத்தை நீட்டினாள். "அம்மா, காத்து இனிக்குது" என்றாள். இருபத்தொரு நாளுக்கு வாய் கசந்திருந்த பெண் அவள். என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். உள் பையில் இருந்த பணம் அப்போதே பாதி செலவாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

வீடும் அவள் மனசில் இருந்த படத்தைப் பார்த்துக் கட்டியது போல இருந்தது. தகரக் கூரை, இரண்டு அறை, கரி படிந்த ஒரு கணப்பு, ஜன்னலுக்கு வெளியே படிப்படியாக இறங்கும் தேயிலை, அதற்கு அப்பால் மேகம். காவலுக்கு ஒரு படகப் பெரியவர் இருந்தார். தலையில் வெள்ளை முண்டாசு. எழுபது வயசுக்கு மேல் இருக்கும். மலைச் சரிவில் எங்களைவிட வேகமாக நடந்தார். பக்கத்து ஹட்டியில், அதாவது படகர் கிராமத்தில், அவருக்கு வீடு. முதல் நாள் ராத்திரி அங்கிருந்து அவரையும் உருளைக்கிழங்கும் போட்டு வைத்த குழம்பு கொண்டுவந்து கொடுத்தார். என் பெண் இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

"இந்தக் கெழங்கு எங்களுக்கு ஒரு தொரை கொடுத்தது, சாமி. மொதமொத இங்கே பங்களா கட்டினவரு. கன்னேரிமுக்கிலே அந்த வீடு இன்னும் இருக்கு. பார்த்துட்டு வாங்க" என்றார் பெரியவர்.

மலை மேல் வீடு வாங்க வந்தவன், மலை மேல் முதன் முதலாக வீடு கட்டியவனுடைய கதையைக் கேட்காமல் போகலாமா?

*

அந்தக் கதைக்குள் போவதற்கு முன்னால் ஒரு விஷயம். நீலகிரியை வெள்ளைக்காரர்கள் "கண்டுபிடித்தார்கள்" என்று பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு வீட்டுக்குள் நாலு குடும்பம் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, வெளியிலிருந்து ஒருவன் வந்து கதவைத் திறந்து, "இதோ ஒரு வீட்டைக் கண்டுபிடித்தேன்!" என்றால் எப்படி இருக்கும்?

1117ஆம் வருஷத்திலேயே, ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனனின் படைத்தலைவன் புணிசன் தோடர்களை அச்சுறுத்தி நீலமலையைப் பிடித்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. 1603இல் பினிசியோ என்ற ஏசு சபைப் பாதிரியார் கேரளக் கரையிலிருந்து மலையேறி வந்து தோடர்களைச் சந்தித்தார். மலை மேல் எப்போதோ வழிதவறிப் போன கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள் என்று யாரோ சொன்னதை நம்பி அவர் வந்தார். வந்தவர் கண்டது கிறிஸ்தவர்களை அல்ல. எருமைகளையும், எருமைப் பாலைத் தெய்வமாகப் போற்றுகிற மக்களையும்தான்.

தோடர், படகர், கோத்தர், குறும்பர் என்று முக்கியமாக நாலு கூட்டத்தார் இந்த மலையைப் பகிர்ந்துகொண்டு வாழ்ந்தார்கள். தோடருக்கு எருமையும் புல்வெளியும். பால்மாடமே அவர்களுக்குக் கோயில். பால் கறப்பவனே பூசாரி. படகர் உழுது பயிரிட்டார்கள். கோத்தர் இரும்பும் மண்பாண்டமும் செய்தார்கள். சாவுக்கும் விழாவுக்கும் வாத்தியம் வாசித்தார்கள். கோத்தகிரி என்ற பேரே கோத்தர் தெரு என்று பொருள்படும் 'கோத்தகேரி'தான் என்கிறார்கள். குறும்பர் காட்டிலிருந்து தேனும் மற்றப் பொருள்களும் கொண்டுவந்தார்கள். நெய்க்குத் தானியம், தானியத்துக்கு அரிவாள், அரிவாளுக்குத் தேன் என்று காசில்லாமலே பண்டமாற்று நடந்தது. இதிலே ஒரு வழக்கத்தை மட்டும் நீங்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வோர் அறுவடையிலும் படகர்கள் தங்கள் விளைச்சலில் ஒரு பங்கைத் தோடர்களுக்குக் கொடுத்து வந்தார்கள். இந்தக் கூடைத் தானியம் பின்னால் ஒரு பெரிய வழக்குக்குக் காரணமாயிற்று.

1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்ததும் கோயம்புத்தூர்ச் சீமையோடு மலையும் கும்பினியாரின் கைக்குப் போயிற்று. 1812இல் கீஸ் என்ற சர்வேயர் மலையேறிப் படம் வரைந்தார். அவருடைய அறிக்கையை யாரும் லட்சியம் செய்யவில்லை. 1818இல் விஷ், கிண்டர்ஸ்லி என்ற இரண்டு இளம் அதிகாரிகள் ஏறினார்கள். புகையிலைக் கள்ளக்கடத்தல்காரனைத் துரத்திக்கொண்டு போனபோது வழி கண்டார்கள் என்று ஒரு கதை உண்டு. அவர்கள் இறங்கி வந்து சொன்ன வர்ணனையைக் கேட்டு ஒரு மனிதர் தூக்கத்தை இழந்தார். அவர்தான் ஜான் சலிவன். கோயம்புத்தூர் ஜில்லாக் கலெக்டர்.

*

சலிவன் 1788இல் லண்டனில் பிறந்தவர். மீசை முளைக்கிற வயசில் கும்பினிக் குமாஸ்தாவாகச் சென்னைப் பட்டணத்தில் வந்து இறங்கியவர். 1815இல் கோயம்புத்தூருக்கு வந்தார். 1819ஆம் வருஷம் ஜனவரி மாதம் ஆள் அம்புகளோடு மலை ஏறத் தொடங்கியபோது அவருக்கு வயசு முப்பது.

இன்று ஒன்றரை மணி நேரத்தில் கார் ஏறிவிடுகிற மலை, அன்று பாதையே இல்லாத பாறையும் முள்ளும் காட்டு ஜுரமும். அடிவாரக் காட்டு ஜுரம் அந்தக் காலத்தில் யமனுக்கு மறுபேர். மேலே ஏறி நின்றதும் சலிவனுக்கு என்ன தோன்றியிருக்கும் என்று ஊகிக்க நமக்குக் கற்பனை வேண்டியதில்லை. சமவெளி வெயிலில் மூன்று மாதம் இருந்துவிட்டு ஏறினால் போதும். இது ஸ்விட்ஜர்லாந்தைப் போல இருக்கிறது, ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் ஓடை ஓடுகிறது என்று மன்றோவுக்கு ஆனந்தமாகக் கடிதம் எழுதினார்.

அதே வருஷம் பிரெஞ்சுத் தாவர சாஸ்திரி லெஷனோல் என்பவர் நோய்ப்பட்டு இந்த மலைக்கு வந்து சுகமடைந்தார். சலிவனுக்கு இது பெரிய சாட்சியாகக் கிடைத்தது. கும்பினிச் சிப்பாய்களும் துரைமாரும் காலராவிலும் ஜுரத்திலும் ஈசல் மாதிரி விழுந்துகொண்டிருந்த காலம் அது. இங்கிலாந்துக்குக் கப்பலேறினால் போய்ச் சேர மாதக் கணக்காகும். 'கையெட்டும் தூரத்தில் ஒரு குளிர்ந்த மலை இருக்கும்போது ஏன் சாக வேண்டும்?' என்று சர்க்காருக்கு மனுமேல் மனுவாக எழுதினார். கோடை வாசஸ்தலம் என்று நாம் இன்று உல்லாசமாகச் சொல்கிறோமே, அது பிறந்தது உல்லாசத்தில் அல்ல, மரண பயத்தில்.

கோத்தகிரிக்குப் பக்கத்தில் திம்பட்டிப் பிரதேசத்தில் அவர் முதல் பங்களாவைக் கட்டினார். சிறுமுகையிலிருந்து அங்கே ஒரு பாதை வெட்டத் தொடங்கி, 1823இல் முடிந்தது. எத்தனை பேர் வெட்டினார்கள், அவர்களில் எத்தனை பேரை ஜுரம் கொண்டுபோயிற்று என்று அவர்கள் பேரைப் பொறித்து வைத்த கல் ஒன்றும் நான் பார்க்கவில்லை.

கன்னேரிமுக்கில் பெத்தகல் பங்களா என்று சொல்லப்படும் அந்த வீட்டுக்கு மறுநாள் நாங்கள் எல்லோரும் போனோம். பாழாகிக் கிடந்ததைச் செப்பனிட்டு, இப்போது நினைவகமாக வைத்திருக்கிறார்கள். உள்ளே பழைய படங்களும், மலைவாசிகளின் பொருள்களும் இருக்கின்றன. ராஜாங்கத்தைக் கட்டி ஆண்ட கலெக்டரின் வீடு என்றால் எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டு போனேன். நம்மூர் மிராசுதாரர் வீட்டு மாட்டுக்கொட்டகைகூட இதைவிட விசாலமாக இருக்கும். என் மனைவி ஜன்னலருகில் நின்று வெளியே பார்த்தாள். "நான் கேட்ட அளவுதான் அவரும் கட்டியிருக்காரு" என்றாள். அவள் முகத்தில் ஒரு திருப்தி.

*

இத்தனையோடு சலிவன் நின்றிருந்தால் கதை சின்னக் கதை. 1821 வாக்கில் அவர் உதகமண்டலத்துப் பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டார். அதுவோ தோடர்களின் மந்து. மந்து என்றால் அவர்கள் குடியிருப்பு. பாதிப் பீப்பாயைக் கவிழ்த்து வைத்தாற்போன்ற பிரம்புக் குடிசைகள். தவழ்ந்து நுழையத்தக்க ஒரு சின்ன வாசல். பள்ளத்தாக்கு முழுவதும் அவர்களுடைய எருமைகள் மேயும் புல். ஏக்கருக்கு ஒரு ரூபாய் என்று தோடர்களிடம் நிலம் வாங்கினார் சலிவன். இதைக் கேட்டதும் என் மகன், "அப்பா, உங்க பையிலே இருக்கிற பணத்துக்கு ஊட்டியையே வாங்கியிருக்கலாம்!" என்றான். எல்லோரும் சிரித்தோம். காவல்காரப் பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை.

1822இல் தொடங்கி மறு வருஷத்துக்குள் அங்கே கல்லால் ஒரு வீடு எழும்பிற்று. உதகமண்டலத்தின் முதல் ஐரோப்பிய வீடு. மலைவாசிகள் அதைக் 'கல் பங்களா' என்றார்கள். அந்த இடம் இன்று அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. மனைவி ஹென்ரியட்டாவை அழைத்துக்கொண்டு சலிவன் அங்கே குடிபோனார். தோட்டம் போட்டார். உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், பார்லி, பழ மரங்கள் என்று எதையெல்லாமோ கொண்டுவந்து நட்டார். ஓடையை மறித்து அணை கட்டி ஏரி ஆக்கினார். இன்று லட்சக்கணக்கான பேர் படகு விடுகிற ஊட்டி ஏரி அதுதான். பாசனத்துக்காக அவர் எண்ணியது. 1826இல் கவர்னர் மன்றோவே வந்து பார்த்துவிட்டுப் போனார். பிறகு லஷிங்டன் கவர்னராக இருந்த காலத்தில் சர்க்கார் சுகவாச ஸ்தலம் அமைத்தது. வீடுகள் பெருகின.

நிலத்தைச் சேர்த்துக்கொள்வதில் சலிவன் சந்நியாசி அல்ல. முதலில் வந்தவர், நிறையச் சேர்த்துக்கொண்டார். அவருக்குப் பின் வந்தவர்கள் ரூபாய்கூடக் கொடுக்கத் தயாராக இல்லை. 'இது காடு, காடு சர்க்காருடையது, தோடன் மாடு மேய்க்கிறவன், அவனுக்கு ஏது நிலம்?' என்பது அவர்கள் வாதம்.

இந்த இடத்தில்தான் சலிவன் என்ற மனிதர் எனக்குக் கதாபாத்திரமாகிறார். முதல் ஆளாக நிலம் வாங்கியவரே, 'இந்த மலைக்கு உடையவர்கள் தோடர்கள்' என்று சொல்லிச் சர்க்காரை எதிர்த்து நின்றார். 'படகர்கள் வருஷந்தோறும் தோடருக்குத் தானியம் அளக்கிறார்களே, அது என்ன? நிலத்துக்கு உடையவனுக்குக் குடியானவன் கொடுக்கும் வாரம் அல்லவா?' என்று கேட்டார். 'அது வாரம் அல்ல. தோடனின் மந்திரத்துக்குப் பயந்து கொடுக்கிற தட்சிணை' என்றார்கள் எதிர்க்கட்சிக்காரர்கள். ஒரு கூடைத் தானியத்தை வைத்துக்கொண்டு வருஷக்கணக்காகக் காகிதப் போர் நடந்தது. தோடர்கள் என்ன சொன்னார்கள் என்கிறீர்களா? காகிதத்தில் எழுதத் தெரிந்தவர்களுக்கு மத்தியில்தானே போர்!

சலிவன் 1841இல் இந்தியாவை விட்டுப் போனார். 1843இல் லண்டனிலிருந்த கும்பினி டைரக்டர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். தோடர்களுக்கு மேய்ச்சல் உரிமை உண்டு. மண்ணில் உரிமை இல்லை. அதற்குப் பிறகு புல்வெளியில் யூகலிப்டஸ் வந்தது, சீகை மரம் வந்தது, தேயிலை வந்தது. மேய்ச்சல் உரிமை இருந்து என்ன பயன், மேய்வதற்குப் புல் இல்லாதபோது? 2011 ஜனக் கணக்கெடுப்பில் தோடர்கள் எல்லோருமாகச் சேர்ந்து சுமார் இரண்டாயிரம் பேர்தான்.

சலிவனும் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. கும்பினி ஆட்சி ஒரு கடற்பஞ்சு மாதிரி, கங்கைக் கரையில் நல்லதையெல்லாம் உறிஞ்சிக்கொண்டு தேம்ஸ் கரையில் பிழிகிறது என்று அவர் சொன்னதைப் பிற்காலத்துத் தேசபக்தர்கள் எடுத்துக் காட்டினார்கள். அந்தப் பஞ்சில் அவரும் ஓர் இழை. அது அவருக்கே தெரியும். தெரிந்தும் கட்டினார், கட்டியும் சொன்னார். இப்படிப்பட்ட மனிதரை நல்லவர் என்பதா, கெட்டவர் என்பதா? நாவலில் வந்தால் வாசகர்கள் எனக்குக் கடிதம் எழுதி ஏதாவது ஒரு பக்கம் சேர்க்கச் சொல்வார்கள்.

*

நாலாம் நாள் ஊட்டிக்குப் போனோம். அங்கே சலிவனுக்கு 2022இல் மார்பளவுச் சிலை வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு, செயிண்ட் ஸ்டீபன் தேவாலயத்துக்கு நடந்தோம். 1830இல் பிரதிஷ்டை செய்த கோயில். அதன் பெரிய உத்திரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையைப் பிரித்து எடுத்து வந்தவை. ஒருவர் வீட்டைப் பிரித்துத்தான் இன்னொருவர் வீடு கட்ட முடியும் என்று அந்த உத்திரங்கள் தலைக்கு மேலே நின்று சொல்லிக்கொண்டிருக்கின்றன.

பின்னால் மரங்களுக்கு நடுவே மலைச் சரிவில் கல்லறைத் தோட்டம். பாசி பிடித்த கற்கள், ஈரமான புல். அங்கேதான் ஹென்ரியட்டா சலிவனும், அவள் மகள் ஒருத்தியும் அடக்கமாயிருக்கிறார்கள்.

இதை நான் சாதாரணமாகத்தான் சொன்னேன். சரித்திரம் சொல்லிக்கொண்டு போகிற உற்சாகத்தில் சொல்லிவிட்டேன். என் பெண் நின்றுவிட்டாள். "இவ்வளவு குளிர்ச்சியான ஊருக்கு வந்தும்கூடவா, அப்பா?" என்றாள்.

எனக்குப் பதில் வரவில்லை. ஊரெல்லாம் பிழைக்க வேண்டும் என்று மலையைத் தேடிப் பாதை போட்டவர், ஏரி வெட்டியவர், 'இங்கே சாவு எட்டிப் பார்க்காது' என்று சர்க்காருக்கு மனு எழுதியவர். தம் மனைவியையும் மகளையும் இதே மலையில் புதைத்துவிட்டு மிச்சக் குடும்பத்தோடு கப்பலேறினார். 1855இல் இங்கிலாந்தில் இறந்தார். பள்ளத்தாக்கு முழுவதையும் பேர் எழுதிக்கொண்ட குடும்பத்துக்குக் கடைசியில் நிலைத்தது அந்தக் கொஞ்சம் மண்தான்.

திரும்பிப் பார்த்தேன். என் மனைவி பெண்ணின் கையை இறுகப் பற்றிக்கொண்டு நின்றாள். பற்றியிருந்த கை வெறுங்கை. வளையல் இல்லாத கை. நாங்கள் யாரும் ஒன்றும் பேசாமல் இறங்கி வந்தோம்.

*

அன்று ராத்திரி கணப்பில் நெருப்புப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். காவல்காரப் பெரியவர் விறகு கொண்டுவந்தார். ஊருக்குப் புறப்பட இன்னும் இரண்டே நாள். அட்வான்ஸ் விஷயம் பேசியாக வேண்டும். நான் மெதுவாக ஆரம்பித்தேன்.

"பெரியவரே, இந்த இடம் யாருடையது?"

"கீழே இருக்கிறாரே, அவருதான், சாமி."

"அவருக்கு முன்னால்?"

"ரிட்டயர் ஆன ஒரு ஆபீசரு."

"அதற்கும் முன்னால்?"

"எஸ்டேட்டுக்காரன். அதுக்கு முன்னாலே ஒரு வெள்ளைக்காரன். அதுக்கும் முன்னாலே எங்க ஆளுங்க சாமை, ராகி போட்டாங்களாம். வெளைஞ்சா தோடருக்கு ஒரு பங்கு அளப்பாங்களாம். எங்க பாட்டன் சொல்லுவாரு."

"தோடருக்கு முன்னால்?" என்று கேட்டான் என் மகன்.

பெரியவர் விறகை நெருப்பில் தள்ளினார். "அதுக்கு முன்னாலே தெய்வம், தம்பி. தெய்வம் பத்திரம் எழுதாது."

என் மனைவி நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பங்கை எதுக்காகக் கொடுத்தாங்க, பெரியவரே? வாரமா, பயமா?" என்று கேட்டாள். கவர்னர்களும் கலெக்டர்களும் வருஷக்கணக்காக அடித்துக்கொண்ட கேள்வியை, கையை நெருப்பில் காய்ச்சிக்கொண்டே கேட்டுவிட்டாள்.

"ரெண்டும் இல்லே, அம்மா. அவங்க எடத்திலே இருக்கிறோம். வெளைஞ்சா கொடுக்கணும். வெளையாட்டி அவங்களும் கேக்க மாட்டாங்க" என்றார் பெரியவர்.

நான் சட்டப் புத்தகம் படித்தவன் அல்ல. ஆனால், லண்டனில் எழுதிய 1843ஆம் வருஷத்துத் தீர்ப்பைவிட இந்தத் தீர்ப்பு எனக்கு நன்றாக விளங்கிற்று.

இதற்காக மலையில் வீடு வைத்திருப்பவர்களையெல்லாம் குற்றவாளிகள் என்று நான் சொல்வதாக எண்ணிவிடாதீர்கள். இருநூறு வருஷத்துக் கணக்கை இன்று யார் யாரிடம் தீர்ப்பது? நாம் குடியிருக்கிற சமவெளி மனைகளைத் தோண்டினாலும் அடியில் யாரோ ஒருவருடைய அடுப்புக் கல் கிடைக்கத்தான் கிடைக்கும். என் மனைவியின் ஆசையையும் நான் தப்பு என்று சொல்லவில்லை. ஜன்னலைத் திறந்தால் மேகம் வர வேண்டும் என்பதில் என்ன தப்பு? மேகம் நம்முடையது என்று பத்திரம் எழுதிக்கொள்ளும்போதுதான் ஏதோ ஒன்று உறுத்துகிறது. சலிவனுக்கும் அது உறுத்தியிருக்கிறது. உறுத்தலை வெளியே சொன்னார் என்பதுதான் மற்றத் துரைமாருக்கும் அவருக்கும் உள்ள வித்தியாசம்.

புறப்படும் நாள் காலையில் பெரியவர் ஒரு சாக்குப் பையில் உருளைக்கிழங்கு கொண்டுவந்து காரில் வைத்தார். அவருடைய நிலத்தில் விளைந்தது. பணம் கொடுத்தேன், வாங்கவில்லை. என் பெண் தானாக நடந்து வந்து காரில் ஏறினாள். பழைய சட்டை இப்போது தோளில் ஒழுங்காக நின்றது.

முதல் வளைவு திரும்பியதும் தகரக் கூரை ஒரு தடவை மின்னிவிட்டு மேகத்துக்குள் மறைந்தது. அட்வான்ஸ் பணம் உள் பையில் தைத்தபடியே இருந்தது. அவள் கேட்கட்டும் என்று நான் காத்திருந்தேன். நான் சொல்லட்டும் என்று அவளும் காத்திருந்தாள் போலிருக்கிறது. மேட்டுப்பாளையத்து வெப்பம் முகத்தில் அடித்தபோதுதான் வாயைத் திறந்தாள்.

"என்னங்க, ஊருக்குப் போனதும் அந்த வளையலை மீட்டுக் கொடுத்திடுங்க."

"வீடு?" என்றேன்.

"அடுத்த வருஷமும் பத்து நாளைக்கு அதே வீட்டைப் பேசி வையுங்க. வாடகையை முன்னாலேயே கொடுத்திடுங்க" என்றாள். சற்று யோசித்துவிட்டு, "பெரியவருக்கும் நம்ம ஊர்லேருந்து ஒரு மூட்டை அரிசி எடுத்துக்கிட்டுப் போகணும்" என்று சேர்த்துக்கொண்டாள்.